ஃபெரைட் தடி ஏரியல்: கணக்குப் போடுவதிலிருந்து கடைசிச் சுற்று வரை

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கருப்பாக, பென்சில் தடிமனில் ஒரு தடி இருக்கும், அதன்மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மீடியம் வேவ் கேட்கிறவர்களுக்கு அதுதான் ஏரியல் என்று தெரியும். அதை நாமே செய்யலாம் என்று உட்காரும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சுற்று?" என்பதைத்தான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கூடுதலாகச் சுற்றினால் கூடுதலாக இழுக்கும் என்று நம்பி ஒரு தடியில் 200 சுற்றுக்கு மேல் சுற்றிக்கூடப் பார்த்திருக்கிறேன், டியூன் ஆகவே இல்லை. சுற்று எண்ணிக்கை என்பது டியூனிங் கண்டென்சரோடு பொருந்துவதற்காக நாம் தேர்ந்தெடுக்கும் எண், அவ்வளவுதான். ஏரியல் எவ்வளவு மெல்லிய சிக்னலைக் கேட்கும் என்பதைத் தடியின் அளவும், காயிலில் வீணாகும் சக்தியும்தான் முடிவு செய்கின்றன. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் ஒவ்வொரு முடிவும் ஏன் என்று தானாகப் புரியும்.

மீடியம் வேவை வைத்தே சொல்கிறேன், 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. 1700 வரை போகும் பகுதிகளில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் போட்டு அதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

தடி என்ன செய்கிறது

1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். அதன் முன்னால் நம் 20 சென்டிமீட்டர் தடி ஒரு துரும்பு. அலையின் காந்தப்புலம் காயிலின் வழியாக ஊடுருவும்போது சுற்றுகளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது, ஃபெரைட் அக்கம்பக்கத்தில் போகும் காந்தப்புலத்தையும் தன் வழியாக இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லலாம், அதைத் தடியின் உட்புகுதிறன் என்று வைத்துக்கொள்வோம். ஃபெரைட் பொருளின் உட்புகுதிறன் வேறு, தடியின் உட்புகுதிறன் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான தடியை வாங்குகிறார்கள்.

ஏரியலின் பயனுறு உயரம் என்று ஓர் அளவு உண்டு. 6.28 ஐச் சுற்று எண்ணிக்கையாலும், தடியின் குறுக்குவெட்டுப் பரப்பாலும், தடியின் உட்புகுதிறனாலும் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 10 மில்லிமீட்டர் விட்டம், 200 மில்லிமீட்டர் நீளமுள்ள தடி, 75 சுற்று, தடியின் உட்புகுதிறன் 68 என்று போட்டால் 1000 கிலோஹெர்ட்ஸில் வருவது சுமார் 8.4 மில்லிமீட்டர். ஆமாம், மில்லிமீட்டர்தான். மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்ற நல்ல பலமான சிக்னல்கூட இந்தக் காயிலில் 8.4 மைக்ரோவோல்ட்டைத்தான் தூண்டும். அப்படியும் ரேடியோ பாடுகிறதென்றால் அதற்குக் காரணம் ஒத்ததிர்வு: காயிலும் கண்டென்சரும் சேர்ந்து அதிரும்போது அந்த மின்னழுத்தம் க்யூ மடங்கு பெருகுகிறது. க்யூ என்பது இழப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் எண், இழப்பு குறையக் குறைய அது கூடும். க்யூ 200 என்றால் 8.4 மைக்ரோவோல்ட் 1.7 மில்லிவோல்ட் ஆகிவிடும், க்யூ 60 தான் என்றால் அரை மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் தடியின் குறுக்குவெட்டை 68 ஆல் பெருக்கினால் சுமார் 53 சதுர சென்டிமீட்டர், அதாவது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெறும் காற்று வளையம். 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் சுற்றிய ஏரியல் இதைவிட நன்றாக இழுக்கும், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஃபெரைட்டின் பலம் அது கையடக்கமாக இருப்பது, விரல் நுனியில் திருப்ப முடிவது.

தடியைத் தேர்ந்தெடுப்பது

கடையில் 125, 400, 2000 என்று பல உட்புகுதிறன் போட்ட தடிகள் இருக்கும். 2000 என்பது 125 ஐப் போல 16 மடங்கு ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் தடிக்கு இரண்டு முனைகள் உண்டு, அந்த முனைகளில் காந்தப்பாயம் காற்றுக்குள் வெளியேறியே தீர வேண்டும், அதனால் பொருளின் உட்புகுதிறன் முழுதாகக் கைக்கு வருவதில்லை. நீளம் விட்டத்தைப் போல 20 மடங்கு உள்ள தடிக்கு ஏறத்தாழ இப்படி வரும்: பொருள் 125 என்றால் தடி 68, பொருள் 400 என்றால் தடி 109, பொருள் 2000 என்றால் தடி 139. பதினாறு மடங்கு என்று நினைத்தது இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. இப்போது அதே 125 பொருளில் நீளம் விட்டத்தைப் போல 10 மடங்கு மட்டுமே உள்ள குட்டைத் தடியைப் பாருங்கள், 68 என்பது 36 ஆக விழுகிறது. ஆகவே காசு கொடுக்க வேண்டியது நீளத்துக்கு.

அதோடு முடியவில்லை. உட்புகுதிறன் கூடக்கூட அந்தப் பொருள் தாங்கும் அதிர்வெண் குறையும். பிலிப்ஸ் ஆய்வகத்தில் 1940 களில் ஃபெரைட்டை ஆராய்ந்த ஸ்னூக் கண்டறிந்தது இது, இன்றும் ஸ்னூக் வரம்பு என்றே சொல்கிறார்கள். 2000 வகைப் பொருள்கள் மாங்கனீஸ் துத்தநாக ஃபெரைட், நெட்டலைக்கும் அதற்குக் கீழேயும் அருமையாக இருக்கும், 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது இழப்பு ஏறிவிடும். மீடியம் வேவ் முழுவதற்கும் நிக்கல் துத்தநாக ஃபெரைட்தான் சரி, 61 வகை என்று விற்கப்படும் 125 உட்புகுதிறன் பொருள் அதில் நம்பகமானது. இரைச்சலை அடக்குவதற்காக கேபிள்களில் மாட்டும் 31, 43 வகைகளை இதற்கு எடுக்காதீர்கள், அவை வேண்டுமென்றே சக்தியை விழுங்கும்படி செய்யப்பட்டவை.

கையில் இருக்கும் தடி எந்த வகை என்று தெரியவில்லையா? மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் தடியின்மேல் அழுத்திப் பாருங்கள். கிலோ ஓம் கணக்கில் ஏதாவது எண் காட்டினால் மாங்கனீஸ் துத்தநாகம், மீட்டர் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் நிக்கல் துத்தநாகம். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த தடி என்றால் அது மீடியம் வேவுக்காகவே செய்யப்பட்டது, தைரியமாகப் பயன்படுத்தலாம். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள், ஃபெரைட் என்பது பீங்கான் ஜாதி, தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும்.

கண்டென்சரிலிருந்து இண்டக்டன்ஸுக்கு

முதலில் கண்டென்சரை முடிவு செய்யுங்கள், காயிலை அதற்கேற்றபடி சுற்றிக்கொள்ளலாம். மாறாகச் செய்தால் கிடைக்காத கண்டென்சரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே எண் 25330. மைக்ரோஹென்றியில் காயிலின் தூண்டல் திறனான இண்டக்டன்ஸையும் பிகோஃபாரடில் கண்டென்சர் மதிப்பையும் பெருக்கினால், 25330 ஐ மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்த எண் வர வேண்டும். 531 கிலோஹெர்ட்ஸில் அந்தப் பெருக்கம் சுமார் 89,800, 1602 இல் சுமார் 9,870.

கையில் 365 பிகோஃபாரட் காற்று கேங் கண்டென்சர் (தண்டைத் திருப்பி மதிப்பை மாற்றும் வகை) இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதோடு காயிலின் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம், ஒயர்கள், அடுத்து வரும் சர்க்யூட் எல்லாமாகச் சேர்ந்து ஒரு 15 சேரும், இதைப் பக்கத் தேக்கம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 380. 89,800 ஐ 380 ஆல் வகுத்தால் 236 மைக்ரோஹென்றி. இனி மேல்முனையைச் சரிபாருங்கள்: 9,870 ஐ 236 ஆல் வகுத்தால் 42 பிகோஃபாரட். கேங்கை முழுதாகத் திறந்தால் அது 12 வரை இறங்கும், கூடவே அந்த 15, ஆக 27. வேண்டியது 42, கிடைப்பது 27, மிச்சத்தை ஒரு ட்ரிம்மரால், அதாவது திருகித் திருப்பிச் சரிசெய்யும் சின்னக் கண்டென்சரால் நிரப்பிக்கொள்ளலாம். வசதியான நிலைமை.

சின்ன பிளாஸ்டிக் கேங் கண்டென்சரில் ஏரியல் பகுதி 140 பிகோஃபாரட்தான். பக்கத் தேக்கம் 10 என்று பிடித்தால் மொத்தம் 150, காயில் 600 மைக்ரோஹென்றி அளவுக்கு வர வேண்டும். மேல்முனையில் 16.5 பிகோஃபாரட்தான் மிஞ்சும், கேங்கின் குறைந்தபட்சமும் பக்கத் தேக்கமும் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும். அதனால் இதில் காயிலை நெருக்கமாகப் பல அடுக்கு சுற்றவே கூடாது, அடுக்கு கூடினால் தேக்கமும் கூடும், 1400 க்கு மேல் ஒன்றும் டியூன் ஆகாது.

எஸ்ஐ4735 மாதிரியான ஒற்றைச் சிப் ரேடியோ கட்டுகிறவர்களுக்கு வெளிக் கண்டென்சரே வேண்டாம், சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 180 முதல் 450 மைக்ரோஹென்றிக்குள் காயில் இருந்தால் போதும்.

சுற்று எண்ணிக்கை, கடைசியில்

இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பின்பற்றும், இதை வைத்துச் சோதனைக் காயில் ஒன்றிலிருந்து விடையை எடுத்துவிடலாம். சாதாரண எனாமல் கம்பியில் 40 சுற்று தடியின் நடுவில் சுற்றி அளந்தால் 75 மைக்ரோஹென்றி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 236 ஐ 75 ஆல் வகுத்தால் 3.15, அதன் வர்க்கமூலம் 1.77, அதை 40 ஆல் பெருக்கினால் 71 சுற்று. ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 71 சுற்று சுற்றும்போது காயில் நீளமாகிவிடும், நீளமான காயிலில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் இண்டக்டன்ஸ் கொஞ்சம் குறையும், அதனால் கணக்குச் சொன்ன எண் பெரும்பாலும் போதாது. நான் செய்வது, வந்த எண்ணோடு 5 முதல் 8 சுற்று கூட்டிச் சுற்றிவிட்டு அளந்து அளந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது. கழற்றுவது சுலபம், வெட்டிய லிட்ஸ் கம்பியை (பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி, கீழே வருகிறது) ஒட்டி நீட்டுவது நரகம்.

தடியில் காயில் எங்கே இருக்கிறது என்பதும் இண்டக்டன்ஸை மாற்றும். நட்ட நடுவில் மிக அதிகம், முனையை நோக்கித் தள்ளத் தள்ளக் குறையும். இதை நாம் நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம், காயிலைத் தனி உறையின்மேல் சுற்றி நகர்த்தும்படி வைத்தால் கடைசி நேரச் சரிசெய்தலுக்குக் கண்டென்சரையே தொட வேண்டாம்.

இண்டக்டன்ஸ் மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு கண்டென்சர்களை வைத்தே அளக்கலாம், அதுவும் இந்த வழியில் பக்கத் தேக்கமும் சேர்ந்தே தெரிந்துவிடும். 100 பிகோஃபாரடைப் போட்டு ஒத்ததிர்வு எங்கே என்று பாருங்கள், பிறகு 330 ஐப் போட்டுப் பாருங்கள். முதலாவது 979 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவது 560 கிலோஹெர்ட்ஸ் என்று வந்தால், இரண்டிலும் இண்டக்டன்ஸ் ஒன்றே என்பதால் சமன்பாட்டைத் தீர்க்கும்போது பக்கத் தேக்கம் சுமார் 12 பிகோஃபாரட், இண்டக்டன்ஸ் சுமார் 236 மைக்ரோஹென்றி என்று கிடைக்கும். கண்டென்சரின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஒரு சதவீதம் துல்லியமுள்ளவற்றைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கில் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணை எடுக்கிறோம்.

கம்பி, உறை, இழப்பு: முழு கவனமும் இங்கேதான்

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிக்னலைப் பெருக்குவது இன்று ஒரு விஷயமே இல்லை, ஒரு டிரான்சிஸ்டர் போதும். காயிலின் சொந்த இரைச்சலைக் குறைப்பதுதான் கஷ்டம். 236 மைக்ரோஹென்றி காயில் 1000 கிலோஹெர்ட்ஸில் க்யூ 200 உள்ளதென்றால் அதன் இழப்புத் தடை 7.4 ஓம். அந்த 7.4 ஓம் அறை வெப்பநிலையில் 9 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 0.033 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 8.4 மில்லிமீட்டர் பயனுறு உயரத்தால் வகுத்தால் மீட்டருக்கு சுமார் 4 மைக்ரோவோல்ட் பலமுள்ள சிக்னலுக்கு அது சமம். அதைவிட மெல்லிய நிலையம் காயிலின் இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிவிடும், பின்னால் எத்தனை ஆம்ப்ளிஃபயர் போட்டாலும் மேலே வராது. க்யூ 50 ஆக விழுந்தால் அந்த எல்லை 8 மைக்ரோவோல்ட்டாக ஏறிவிடும்.

இதே கணக்கில் சுற்று எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பாருங்களேன். அதே இடத்துக்குள் இரண்டு மடங்கு சுற்றினால் சிக்னல் இரண்டு மடங்கு, இழப்புத் தடை நான்கு மடங்கு, இரைச்சல் அதன் வர்க்கமூலமாக இரண்டு மடங்கு. ஒரு பைசா லாபமில்லை.

சரி, இழப்பு எங்கிருந்தெல்லாம் வருகிறது? முதலில் கம்பி. 1 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.066 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் ஓடும், அரை மில்லிமீட்டர் கம்பியின் நடுப்பகுதி சும்மா கிடக்கும். அது போதாதென்று பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலம் ஓடும் மின்னோட்டத்தையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். இதற்குத்தான் லிட்ஸ் கம்பி: தனித்தனியாக எனாமல் பூசிய, மயிரிழை போன்ற இழைகள் பலவற்றை முறுக்கியது. 0.04 மில்லிமீட்டர் இழைகள் 165 கொண்டது மீடியம் வேவுக்கு மிக நல்ல கம்பி. கிடைக்காவிட்டால் 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு இழையாக எடுத்து, ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை டிரில்லிங் மெஷினில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள், ஒற்றைக் கம்பியைவிட நிச்சயம் மேல். முறுக்காமல் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் பலன் கிடைக்காது, ஒவ்வொரு இழையும் மாறி மாறி உள்ளேயும் வெளியேயும் போக வேண்டும்.

லிட்ஸ் கம்பியின் முனையில் எல்லா இழைகளும் ஈயம் பிடித்திருக்க வேண்டும். நாலைந்து இழை விட்டுப்போனாலே க்யூ இறங்குவதை அளவில் பார்க்கலாம். பிளேடால் சுரண்டினால் இழை அறுந்துவிடும், அதனால் சால்டரிங் அயர்னை 390 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி, நுனியில் ஈயத்தை ஒரு துளியாகத் திரளவிட்டு, கம்பி முனையை அந்தத் துளிக்குள் சில வினாடி வைத்திருங்கள். பாலியூரித்தேன் பூச்சு தானே எரிந்து விலகி ஈயம் இழைகளுக்கிடையே ஏறும். புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

லிட்ஸே இல்லை, ஒற்றைக் கம்பிதான் என்றால் சுற்றுகளை ஒட்டி ஒட்டிச் சுற்றாமல் ஒரு கம்பி விட்டம் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கூடவே ஒரு மீன்பிடி நைலான் இழையையும் பிடித்துச் சுற்றிவிட்டுப் பிறகு நைலானை மட்டும் உருவிவிட்டால் இடைவெளி சீராக வரும். பிவிசி உறை போட்ட சாதாரண ஒயரைத் தவிர்த்துவிடுங்கள், பிவிசி இந்த அதிர்வெண்ணில் பாலிதீனைவிட நிறையவே சக்தியை விழுங்கும்.

அடுத்தது உறை. கம்பியை நேரடியாகத் தடிமேல் சுற்றாதீர்கள். தடியின் ஓரம் எனாமலைச் சுரண்டும், அதைவிட முக்கியம், ஃபெரைட் ஒரு மோசமான மின்காப்புப் பொருளும்கூட, கம்பி அதை ஒட்டி இருந்தால் பக்கத் தேக்கமும் கூடும், அந்தத் தேக்கத்தில் இழப்பும் இருக்கும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி பாலிதீன் குழாயோ, டெஃப்ளான் டேப்பின் சில அடுக்கோ கொடுங்கள். பழைய ரேடியோக்களில் காகிதக் குழாய்தான் இருக்கும், மெழுகில் தோய்த்திருப்பார்கள், மெழுகில்லாத காகிதம் ஈரம் இழுத்து மழைநாளில் ஏரியலை மந்தமாக்கிவிடும்.

கண்டென்சரும் இழப்பில் பங்கு போடும், இழப்புகள் கூடும் விதமும் கொடூரமானது: காயிலின் க்யூ 300, கண்டென்சரின் க்யூ 300 என்றால் இரண்டும் சேர்ந்து 150. காற்று கேங் கண்டென்சர் இடத்தை அடைத்தாலும் அதன் இழப்பு மிகக் குறைவு, இடம் இருந்தால் அதையே போடுங்கள்.

சுற்றும் வேலை

உறையைத் தடியில் மாட்டி, முதல் முனையை நூலால் கட்டி, காயில் தடியின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குப் பரவும்படி ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடியை உருட்டுவது சுலபம், தடியைப் பிடித்துக்கொண்டு கம்பியைச் சுற்றினால் முறுக்கு ஏறிச் சிக்கும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு காகிதத்தில் கோடு போடுங்கள், 47 ஆ 57 ஆ என்று நடுவில் சந்தேகம் வராமலிருக்கும். முடிந்ததும் அளந்து, கழற்றி, 236 க்குச் சற்று மேலேயே நிறுத்தி, நூலால் கட்டுங்கள். வார்னிஷோ பசையோ காயில் முழுக்கப் பூச வேண்டாம், முனைகளில் ஒரு சொட்டு மெழுகு போதும்.

க்யூவை அளப்பது

இதைத் தாண்டிப் போகாதீர்கள், அளக்காமல் எது நல்லது என்று காதால் முடிவு செய்ய முடியாது. நானோவிஎன்ஏ (வெவ்வேறு அதிர்வெண்ணில் சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் சின்ன அளவுக் கருவி) இருந்தால் இரண்டு போர்ட்டிலும் ஒவ்வொரு சுற்று வளையம் மாட்டி, காயிலின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் சிக்னலைப் பாருங்கள், ஒத்ததிர்வில் கூம்பு எழும். கூம்பின் உச்சியிலிருந்து 3 டெசிபெல் இறங்கும் இரண்டு புள்ளிகளைக் குறித்து, உச்சி அதிர்வெண்ணை அவற்றின் இடைவெளியால் வகுத்தால் க்யூ. உச்சி 1000 இலும், புள்ளிகள் 997 இலும் 1002.5 இலும் இருந்தால் இடைவெளி 5.5, க்யூ 182. வளையங்களை இன்னும் தள்ளி வைத்துத் திரும்பப் பாருங்கள், எண் ஏறினால் முன்பு வளையமே காயிலைச் சுமையேற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், எண் மாறாமல் நிற்கும் வரை தள்ளுங்கள். சிக்னல் ஜெனரேட்டரும் ஆசிலாஸ்கோப்பும் வைத்திருப்பவர்கள் புரோபைக் காயிலில் தொடவே தொடாமல், பக்கத்தில் ஒரு வளையத்தில் மாட்டி அளக்க வேண்டும்.

க்யூ கூடிக்கொண்டே போனால் எப்போதும் நல்லதா என்று கேட்டால், ஒலிக்கு அப்படி இல்லை. 531 கிலோஹெர்ட்ஸில் க்யூ 200 என்றால் அலைவரிசை அகலம் 2.7 கிலோஹெர்ட்ஸ்தான், நிலையத்துக்கு 9 வேண்டும், பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். இதற்காக மட்டமான காயிலைச் சுற்றக் கூடாது. நல்ல க்யூவோடு சுற்றி, வேண்டிய அளவு அகலத்தை அடுத்த கட்டத்தின் சுமையால் வரவழைத்துக்கொள்ளலாம், அந்த வழியில் சக்தி ரேடியோவுக்குள் போகிறது, கம்பியில் சூடாகி வீணாவதில்லை.

சிக்னலை வெளியே எடுப்பது

ஒத்ததிர்வில் இந்தக் காயில் கண்டென்சரோடு சேர்ந்து சுமார் 3 லட்சம் ஓம் மின்தடை போல நடந்துகொள்ளும். இதை நேராக ஒரு டிரான்சிஸ்டரின் பேஸில் மாட்டினால் அது 1500 ஓம் சுமையாக உட்கார்ந்து க்யூவைக் கொன்றுவிடும். அதற்குத்தான் சின்ன இரண்டாம் காயில். 3 லட்சத்தை 1500 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 14, ஆக 75 சுற்றுக்கு 5 அல்லது 6 சுற்று. பழைய ரேடியோக்களில் தடியின் ஓரத்தில் ஐந்தாறு சுற்றோடு தனியாக ஒரு குட்டிக் காயில் இருப்பதன் காரணம் இதுவே. பிரதான காயிலின் எர்த் பக்க முனை அருகே அதைச் சுற்றுங்கள். 50 ஓம் உள்ளீடுள்ள ரிசீவருக்குக் கணக்குப்படி ஒரே சுற்று வரும், இணைப்பு முழுமையாக இல்லாததால் இரண்டு மூன்று சுற்று வைத்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

ஜே310 போன்ற ஜேஃபெட்டை (உள்ளீட்டில் மின்னோட்டமே ஏறக்குறைய இழுக்காத டிரான்சிஸ்டர் வகை) சோர்ஸ் ஃபாலோயராக, அதாவது சிக்னலைச் சோர்ஸ் முனையிலிருந்து எடுக்கும்படி வைப்பது இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடிக்கும். கேட்டிலிருந்து எர்த்துக்கு வழக்கம்போல 1 மெகா ஓம் போட்டுவிடாதீர்கள், அந்த ஒன்றே க்யூ 200 ஐ 154 ஆக்கிவிடும். காயிலின் மறுமுனை எர்த்தில் இருப்பதால் கேட்டுக்கு நேர்மின்னோட்ட வழி ஏற்கெனவே இருக்கிறது, அந்த மின்தடை தேவையே இல்லை. கேட்டோடு தொடராக 100 ஓம், சோர்ஸில் 1 முதல் 2.2 கிலோ ஓம், டிரெய்ன் 9 வோல்ட்டுக்கு, அங்கே எர்த்துக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட், அவ்வளவுதான் சர்க்யூட்.

ரேடியோவைத் திறக்கவே விருப்பமில்லாதவர்கள் காயிலையும் கண்டென்சரையும் மட்டும் இணைத்து, அந்தத் தடியை ரேடியோவின் உள் தடிக்கு இணையாகப் பக்கத்தில் வைத்து டியூன் செய்தால் போதும். ஒயர் எதுவும் இல்லாமலே மெல்லிய நிலையம் மேலே எழும்.

பொருத்துவதும் திருப்புவதும்

நல்ல காயிலைச் செய்துவிட்டு, தடியை ஒரு தகர கிளிப்பால் பெட்டியில் இறுக்கினேன். கிளிப் தடியைச் சுற்றி முழு வளையமாக இருந்தது, அதாவது குறுக்கிணைந்த ஒரு சுற்று. க்யூ பாதிக்கும் கீழே போய்விட்டது, காரணம் புரிய ஒரு மாலை முழுக்க ஆயிற்று. பிளாஸ்டிக் பிடி, ரப்பர் வளையம், மரக்கட்டை எதுவானாலும் சரி, உலோகம் தடியை வளைக்கக் கூடாது. பேட்டரி, ஸ்பீக்கர் காந்தம், உலோகப் பெட்டிச் சுவர் இவற்றிலிருந்தும் சில சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

தடி படுக்கை வசத்தில் இருக்க வேண்டும். தடியின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தை நோக்கியிருந்தால் முழு சிக்னல், தடியின் முனை நிலையத்தை நோக்கினால் சிக்னல் மறையும். உச்சம் அகலமானது, 20 டிகிரி திருப்பினாலும் பெரிதாகத் தெரியாது, மறைவு மட்டும் கத்தி முனை மாதிரி கூர்மையானது. ஆகவே நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட இரைச்சலை மறைக்கத் திருப்புவதுதான் கெட்டிக்காரத்தனம்: எல்இடி பல்போ மொபைல் சார்ஜரோ இரைகிறதென்றால் தடியின் முனையை அதன் பக்கம் காட்டி, கொஞ்சம் மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள், இரைச்சல் அமிழும் இடம் கிடைக்கும். மறைவு ஆழமாக வரவில்லை என்றால் காயிலோடு இணைந்த நீள ஒயர் தானே ஒரு சாதாரண ஏரியலாக வேலை செய்கிறது என்று அர்த்தம், ஒயரைக் குட்டையாக்குங்கள், அல்லது இரண்டாம் காயிலின் இரு முனைகளையும் எர்த் தொடாமல் சமச்சீராக எடுங்கள். இரவில் வானலை மேலிருந்து சாய்வாக இறங்குவதால் தூர நிலையங்களை அவ்வளவு சுத்தமாக மறைக்க முடியாது, சோதனையைப் பகலில் செய்யுங்கள்.

டியூனிங்கைச் சரிசெய்யும்போது கீழ்முனையில், 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலையத்தை வைத்துக் காயிலைத் தடியில் நகர்த்துங்கள். மேல்முனையில், 1400 பக்கம் ட்ரிம்மரைத் திருப்புங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டும். சரியானதும் காயிலை மெழுகால் உறைய வையுங்கள்.

இன்னும் வேண்டுமென்றால்

பகலில் நிலையம் எதுவும் இல்லாத ஓர் அதிர்வெண்ணில் ரிசீவரை வைத்து, ஏரியலின் கண்டென்சரை மெதுவாகத் திருப்புங்கள். ஒத்ததிர்வைக் கடக்கும்போது இரைச்சல் மேலே எழுந்து இறங்கினால் ரிசீவர் போதுமான அளவு கேட்கிறது, ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பதில் அர்த்தமில்லை. இரைச்சல் அசையாமல் இருந்தால் மட்டும் ஒரு பெருக்கும் கட்டம் சேருங்கள். முதல் நிலைமையில் இருப்பவர்கள் ஃபெரைட்டைத்தான் கூட்ட வேண்டும்: இரண்டு தடிகளின் முனைகளை ஈரமான நுண் உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, இடையில் காற்று இல்லாதபடி நேருக்கு நேர் ஒட்டி நீளமாக்கலாம், அல்லது நாலைந்து நீளத் தடிகளை ஒன்றாகக் கட்டிப் பரப்பைக் கூட்டலாம். கட்டும்போது கட்டின் மொத்தத் தடிமன் கூடுவதால் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் குறையும், அதனால் நான்கு தடிக்கு நான்கு மடங்கு கிடைக்காது. எப்படிக் கூட்டினாலும் பழைய சுற்று எண்ணிக்கை செல்லாது, மறுபடியும் 40 சுற்றுச் சோதனைக் காயிலிலிருந்து தொடங்குங்கள்.